குடல் சுத்தம் செய்தால் உடம்பில் சேர்ந்த நச்சு வெளியே வந்துவிடுமா?

திருவொற்றியூர் தேவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். இப்போது வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வயது 38. பழைய பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி வார்க்கிற பட்டறையில் வேலை. கொஞ்ச மாதங்களாகவே தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலிக்கிறது என்கிறார். வலி வந்தால் தலையணையை வயிற்றுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுத்துவிடுவார். அப்படி அழுத்தினால்தான் கொஞ்சம் தாங்க முடிகிறதாம். வெளிக்குப் போவது மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை. பசியே இல்லை. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்.

மேலேயும் கீழேயும் ஸ்கோப் பார்த்தாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல் என்று சொல்லி அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் மட்டும் 9 இருக்கிறது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை.

இப்போது ஒரு இடத்தில் "குடல் சுவரில் நச்சு படிந்திருக்கிறது, பத்து தடவை தண்ணீர் ஏற்றிக் கழுவினால் சரியாகிவிடும்" என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார்கள். என் மாமியார் விளக்கெண்ணெய் கொடுத்தாலே போதும் என்கிறார். எதைச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பாலு எழுதியது:

தேவி மா, அந்த 18 ஆயிரத்தைக் கொடுத்துடாதீங்க. எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்தே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஞாயித்துக்கிழமை காலைல விளக்கெண்ணெய்தான். அன்னிக்கு முழுக்க மோர் சாதம், மிளகு ரசம். வயிறு லேசாயிடும். அம்மா சொல்றதையே கேளுங்க.

ஆய்வகம் சரசு எழுதியது:

தேவி, ரெண்டையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பட்டறை வேலைதான் கண்ணில் பட்டது, அப்புறம்தான் வயிற்று வலி.

மூன்று விஷயம் சொல்லுங்கள். இதுவரை பார்த்த டாக்டர்களில் யாராவது "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று கேட்டார்களா? ரத்தத்தில் ஈய அளவு பார்த்தார்களா? பிளட் லெட் லெவல் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். அப்புறம், நல்ல வெளிச்சத்தில் அவருடைய கீழ் உதட்டை இழுத்து, பல்லும் ஈறும் சேரும் இடத்தைப் பாருங்கள். நீலமும் கருப்பும் கலந்த மெல்லிய கோடு இருக்கிறதா?

திருவொற்றியூர் தேவி எழுதியது:

அக்கா, யாரும் கேட்கவில்லை. ஓபி சீட்டில் "பிரைவேட் வேலை" என்றுதான் எழுதியிருக்கிறது. ஈயப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் வரிசை முன்பற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி இருக்கிறது. வெற்றிலை, பாக்கு எந்தப் பழக்கமும் அவருக்குக் கிடையாது. கை நடுங்குகிறது அக்கா.

இரைப்பை மருத்துவன் எழுதியது:

தேவி, பயத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். வீட்டிலிருந்தே நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் ஈயம் உருக்கும் வேலை, முறுக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ஈறில் கோடு, ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்று இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தால் ஈய நச்சு என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும்.

நாளைக்கே பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். வயிற்று வலி என்று ஆரம்பிக்காதீர்கள். "பேட்டரி ஈயம் உருக்குகிற வேலை செய்கிறார்" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். ரத்த ஈய அளவு, சிறுநீரகப் பரிசோதனை, ரத்தத்தை ஸ்லைடில் பார்க்கிற ஸ்மியர், இந்த மூன்றையும் கேளுங்கள். அங்கே ஈய அளவு பார்க்க வசதி இல்லையென்றால் வெளி ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். நாளையிலிருந்து அவர் பட்டறைக்குப் போகக் கூடாது. மருந்தைவிட முக்கியம் அது.

கடும் தலைவலி, வலிப்பு, பேச்சில் குழப்பம், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பெரம்பூர் பாலு எழுதியது:

டாக்டர் சார், எனக்குப் புரியல. விஷம் உள்ள போயிருக்குன்னா பேதியாக்கி வெளிய தள்றதுதானே முறை? குடல்ல இல்லாம வேற எங்க இருக்கும்?

ஆய்வகம் சரசு எழுதியது:

பாலு தம்பி கேட்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எத்தனையோ பேர் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

பட்டறைப் புகையில் ஈயம் மூச்சோடு உள்ளே போகிறது. கையில், மீசையில், பீடியில் ஒட்டிய தூசி வாய் வழியாகவும் போகிறது. மூச்சுக்குழாயில் மாட்டிய தூசியைச் சளி மேலே தள்ளிக்கொண்டு வரும், அதையும் நாம் விழுங்கிவிடுகிறோம். சிறுகுடலில் இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படும் வாசல் வழியாகவே ஈயமும் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுக்களுக்குள்தான் இருக்கும். அங்கே பாதி குறைய ஒரு மாதம் போல ஆகும். மீதி எலும்பில் போய் உட்காரும். பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். அங்கிருந்து இறங்க 10 முதல் 30 ஆண்டு பிடிக்கும். வெளியேறுவதில் பெரும்பங்கு சிறுநீரில், கொஞ்சம் பித்தநீர் வழியாக மலத்தில். எலும்பில் இருப்பதைப் பேதி மருந்து எப்படித் தொடும்?

வயிறு ஏன் வலிக்கிறது என்றால், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஹீம் தயாராவதற்குத் தேவையான நொதிகளை ஈயம் முடக்கிவிடுகிறது. அதனால் ஹீமோகுளோபின் குறைகிறது. பாதியில் நின்றுபோன கச்சாப்பொருள் உடம்பில் தேங்கி, குடலை இயக்குகிற நரம்புகளைக் கெடுக்கிறது. குடல் ஓரிடத்தில் இறுகிப் பிடிக்கிறது, இன்னோர் இடத்தில் அசையாமல் நிற்கிறது. வலியும் மலச்சிக்கலும் சேர்ந்தே வருவது இதனால்தான். ஸ்கோப்பில் புண் தெரியாததும் இதனால்தான். ஈறில் தெரிகிற கோடு, பல்லோரக் கிருமிகள் விடுகிற கந்தகத்தோடு ரத்தத்தில் வரும் ஈயம் சேர்ந்து படிவது.

"குடல் சுவரில் நச்சு படிந்திருக்கிறது" என்று சொன்னவர்களிடம் ஒன்று கேளுங்கள் தேவி. குடலின் உள்தோல் ஐந்தாறு நாளுக்குள் உதிர்ந்து புதிதாகிவிடும். அதில் மாதக்கணக்காக எது ஒட்டிக்கொண்டிருக்கும்? கீழ்வழி ஸ்கோப்புக்கு முந்தின ராத்திரி லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்தாரே, அன்றைக்கே குடல் முழுக்கக் கழுவியாகிவிட்டது. வலி நின்றதா?

பாலு, உங்கள் வீட்டு விளக்கெண்ணெய் மலச்சிக்கலுக்கு ஒரு நாள் உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே சாப்பிடாமல் வாடியிருக்கிற மனுஷருக்குப் பேதியாக்கினால் உப்பும் நீரும் இறங்கிவிடும். கருப்புக் கரி மாத்திரை வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஈயத்தைக் கரி பிடிக்காது.

திருவொற்றியூர் தேவி எழுதியது:

அக்கா, ஒரு விஷயம். அவர் காலையில் வெறும் டீ குடித்துவிட்டுத்தான் போவார். நாஷ்டா பத்து மணிக்கு மேல் பட்டறையிலேயே. அதில் ஏதாவது இருக்கிறதா?

ஆய்வகம் சரசு எழுதியது:

நிறைய இருக்கிறது. வெறும் வயிற்றில் போகும் ஈயத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டோடு கலந்து போனால் அதில் ஒரு சிறு பங்குதான். வெறும் டீயோடு அனுப்புவதும், ஈயக் கையோடு பட்டறையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் ரெண்டும் சேர்ந்துவிடுகிறது.

இரும்பும் கால்சியமும் குறைவாக உள்ள உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இனிமேல் காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ எதாவது கெட்டியாகக் கொடுங்கள், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, தயிர், நெல்லிக்காய். இதெல்லாம் சிகிச்சை இல்லை, உறிஞ்சுவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

மயிலாப்பூர் லலிதா எழுதியது:

படித்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை. எங்கள் வீட்டில் ரசம் ஈயச் சொம்பில்தான். பாட்டி காலத்துச் சொம்பு. அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

இரைப்பை மருத்துவன் எழுதியது:

ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. தேவி வீட்டுக்காரர் உருக்குவது காரீயம். ரெண்டும் வேறு வேறு உலோகம். சுத்தமான வெள்ளீயச் சொம்பால் ஆபத்தில்லை. விலை குறைக்க அதில் காரீயம் கலந்திருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக மக்கள் இதே வயிற்று வலியில் துடித்தார்கள். காரீயம் பொருத்திய ஆலைகளில் பிழிந்த ஆப்பிள் சாராயம்தான் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்கிற மருத்துவர் 1767இல் எடுத்துச் சொன்னார். புளிப்பும் ஈயமும் சேர்ந்தால் நடப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

பாட்டி சொம்பின் கலவையை உலோகச் சோதனைக் கருவி இருக்கும் இடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். தெரியாதவரை எவர்சில்வரில் வையுங்கள். பித்தளைக்கு ஈயம் பூசக் கொடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இண்டாலியம் பாத்திரங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்தவற்றில் ஈயம் இருக்கக்கூடும். இங்கிருந்து போன சில இண்டாலியம், பித்தளைப் பாத்திரங்களில் இருந்து உணவில் ஈயம் இறங்குவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரிக்கை வெளியிட்டது. புளிக்குழம்பை அதில் ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

எண்ணூர் படகுக்காரன் எழுதியது:

தேவி தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்குச் சீக்கிரம் சரியாகணும். சரசு அக்கா, டாக்டர் சார் ரெண்டு பேருக்கும் நன்றி.

ஆனா எனக்கு ஒரு ஆதங்கம். பட்டறையில வேலை செய்றவரை வேலைக்குப் போகாதேன்னு சொல்லலாம். கொசஸ்தலை ஆத்துல இறங்கி இறால் புடிக்கிற எங்களை என்னன்னு சொல்லுவீங்க? அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைஞ்சு உடைஞ்சு ஆத்துல கலந்தது இன்னிக்கு நேத்து கதை இல்ல. கால் வைச்சா முழங்கால் வரைக்கும் சாம்பல் சேறு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியில இருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிஞ்சுது. அலையாத்திச் செடி தண்டு எல்லாம் கருப்பா மை பூசின மாதிரி நின்னுச்சு. வலையைத் தொட்டா கையெல்லாம் பிசுபிசுப்பு, வீட்டுல படுத்தாலும் அந்த வாடை, குமட்டல், தலைவலி. அதே மாசக் கடைசியில அமோனியா கசிஞ்சு ராத்திரியோட ராத்திரியா ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. நாங்க எந்தப் பட்டறையிலயும் சம்பளம் வாங்கல. எங்க உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு யார் பாக்குறது?

ஆய்வகம் சரசு எழுதியது:

படகுக்காரத் தம்பி சொல்வதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. தனி மனுஷர் கை கழுவலாம், கேழ்வரகு தின்னலாம். ஆற்றை அவர் கழுவ முடியாது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. அது ஆற்றில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஆலையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். பாதிக்கப்பட்ட குப்பங்களில் ரத்தம், சிறுநீர் எடுத்து, முடிவை அந்த ஜனங்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். முகாம் போட்டு இருமல் மருந்து கொடுத்து அனுப்புவது போதாது.

கிண்டி வேதியியல் எழுதியது:

சுற்றுச்சூழல் வேதியியல் படிக்கிறேன். படகுக்கார அண்ணனுக்கு என் பங்குக்குக் கொஞ்சம்.

எண்ணெய் கலந்த நீரில் பிடித்ததில் மட்டியும் ஆளியும்தான் அதிகக் கவலை. மீனுக்குக் கல்லீரல் இருக்கிறது, எண்ணெயின் நச்சை ஓரளவு உடைத்துவிடும். மட்டியால் அது மெதுவாகத்தான் முடியும், அதனால் சதையிலேயே தங்கும். நண்டில் கேட்மியம் என்கிற நச்சு உலோகம் சதையைவிட உள்ளே இருக்கிற மஞ்சளில்தான் கூடுதலாகச் சேரும். குழந்தைகளுக்கு அந்த மஞ்சளைக் கொடுக்காதீர்கள். பாதரசம் பெரிய மீன்களில் அதிகம். சுறாவைவிட நெத்திலி, மத்தி, காரப்பொடி நல்லது.

குடல் சம்பந்தமாக இன்னொன்று. மீனில் வரும் பாதரசம், பிஎப்ஏஎஸ் என்கிற ஒட்டாத பூச்சு ரசாயனங்கள், சில பூச்சிமருந்துகள் எல்லாம் கல்லீரலில் இருந்து பித்தநீரோடு குடலில் இறங்கும். இறங்கியது வெளியே போகாமல் சிறுகுடலில் மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் சில ரசாயனங்கள் வருஷக்கணக்கில் தங்குகின்றன. அமெரிக்காவில் 1970களில் கெப்போன் பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளர்களுக்கு, பித்தநீரைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் மருந்தைக் கொடுத்து இந்தச் சுழற்சியை அறுத்தார்கள், உடம்பில் இருந்த அளவு வேகமாக இறங்கியது. அதுவும் அந்த ஒரு வகை ரசாயனத்துக்கு, டாக்டர் மேற்பார்வையில். கடையில் விற்கும் டீடாக்ஸ் பொடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்ஓ வடிகட்டி ஈயத்தையும் ஆர்சனிக்கையும் பிஎப்ஏஎஸ்ஸையும் பெருமளவு பிடிக்கும். பக்கிங்காம் கால்வாய், அடையாறு பக்கம் பிஎப்ஏஎஸ் இருப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வு காட்டியது, பசுமைத் தீர்ப்பாயமும் அதைக் கையில் எடுத்தது. ஆனால் நம் ஊரில் திடீரென்று தெருவே வாந்தி பேதியில் படுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடிநீர்க் குழாயில் கலந்த சாக்கடையை. அதற்குத் தண்ணீர் மாதிரியைக் கிண்டி கிங் நிலையத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

சித்த மருத்துவ மாணவன் எழுதியது:

எங்கள் துறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. வயிற்று வலிக்கும் மலச்சிக்கலுக்கும் லேபிள் இல்லாத சூரணம், லேகியம், பஸ்பம் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். ஈய நச்சு உள்ளவர் அப்படி ஒன்றைச் சாப்பிட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய். 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. தாது மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும், உரிமம் பெற்ற தயாரிப்பாக மட்டும் வாங்குங்கள். தேவி அக்கா, அவர் நாட்டு மருந்து எதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

திருவொற்றியூர் தேவி எழுதியது:

ரிசல்ட் வந்துவிட்டது. டெசிலிட்டருக்கு 74 மைக்ரோகிராம். வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்குகிற மருந்து தொடங்கப் போகிறார்கள். "இதைப் போட்டுக்கொண்டே பட்டறைக்குப் போனால் இன்னும் மோசமாகும்" என்று பெரிய டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடல் கழுவுகிற இடத்தில் இருந்து இன்னும் போன் வருகிறது, எடுக்கவில்லை.

பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமா? முதலாளி "உனக்கு அல்சர், அதுக்கு நான் பொறுப்பில்லை" என்கிறார். எங்கள் பாப்பாவுக்கு நாலு வயசு. அவர் வந்ததும் சட்டையைக் கூடக் கழற்ற விடாமல் மடியில் ஏறிக்கொள்வாள். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

தொழிற்சங்கத் தோழர் எழுதியது:

சகோதரி, ரிசல்ட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஈய நச்சு, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோயாக இடம்பெற்றது. கண்டுபிடித்த மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும், அதை வார்டு டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலும் ஈயம் இடம்பெற்றது. அவருக்கு ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் இது வேலையில் ஏற்பட்ட காயம் மாதிரியே கணக்கு. பிடித்தமே இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். பழைய பேட்டரியை உருக்க அந்தப் பட்டறைக்குப் பதிவு இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

கூட வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும். ஒருவர் மட்டும் போய் நின்றால் அல்சர் என்று தள்ளிவிடுவார்கள், பத்துப் பேர் ரிசல்ட்டோடு போனால் முடியாது.

ஆய்வகம் சரசு எழுதியது:

தேவி, பாப்பாவுக்கும் உங்களுக்கும் நாளைக்கே ரத்தம் கொடுங்கள். குழந்தைக்கு விரலில் குத்தி எடுக்க வேண்டாம், தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கை நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளின் குடல் ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பல மடங்கு உறிஞ்சும், உள்ளே போவதில் பாதி வரைக்கும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 750க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சராசரி ரத்த ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. பெட்ரோலில் ஈயம் நிறுத்தி வருஷங்கள் ஆன பிறகும் அப்படி. அவர்கள் யாரும் பட்டறைக்காரர் பிள்ளைகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. பாப்பாவுக்கு 5க்கு மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 3.5லேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: அவருடைய வேலைச் சட்டை, கைலி, செருப்பு, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் கோணியில் கட்டி வீட்டுக்கு வெளியே வையுங்கள். துவைப்பதானால் தனி பக்கெட்டில், பாப்பா துணியோடு சேர்க்காமல். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி எழும்பி மறுபடி படியும். ஈரத் துணியால் ஜன்னல் ஓரம், கட்டிலுக்கு அடி, வாசற்படி வரை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். வண்டி சீட்டையும் துடையுங்கள். பாப்பாவுக்குக் கண்மை போடுகிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், சில கண்மையிலேயே ஈயம் இருக்கிறது.

பாப்பாவின் ரிசல்ட் வந்ததும் எண்ணை மட்டும் இங்கே போடுங்கள். டாக்டரும் நானும் பார்க்கிறோம்.